கதைப்புத்தக ஹோட்டல்: ராபுன்ஸல் கோபுரமா, கிராமத்து மரச்சட்ட வீடா? (ஜெர்மனி, ஜூன், 2 இரவு)

#1 மேட்டுத்தெரு

வணக்கம். நாங்கள் பிராங்பர்ட்டில் இருக்கிறோம். ஜூன் நடுவில் அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து வருகிறார்கள். மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் கிரிம் கதைகள் படித்ததிலிருந்து ராபுன்ஸல் (கோபுரத்திலிருந்து நீளப் பின்னலைத் தொங்கவிடும் பெண்) வீட்டில் ஒரு நாளாவது தூங்கியே ஆக வேண்டும் என்று ஒரே அடம்.

இணையத்தில் தேடினால் எல்லா ஹோட்டலும் ஒரே அச்சு. கோணல் கூரை, குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டம், சன்னலில் சிவப்பு ஜெரேனியம், வாசலில் ஒரு பூனை. எது நிஜம், எது படத்துக்காக வைத்தது என்று தெரியவில்லை. பூனை உட்பட.

எங்கள் நிலைமை: அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். முடிந்தால் ரயில், முடியாவிட்டால் வாடகைக் கார். இரண்டு இரவு. தங்கியவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்களேன்.

#2 காஸல்காரன்

பதினோரு வருடமாகக் காஸலில் இருக்கிறேன். நீங்கள் கேட்பது எங்கள் வீட்டு வாசலை.

ஹானாவில் தொடங்கி பிரேமன் வரை சுமார் 600 கிலோமீட்டருக்கு ‘மேர்ஷென்ஷ்ட்ராஸ’ என்று ஒரு பாதை இருக்கிறது. தேவதைக் கதைச் சாலை. 1975-இல் போட்டது. புதிதாகத் தார் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், ஏற்கெனவே இருந்த ஊர்களைப் பெயர்ப்பலகையால் கோத்தார்கள். கிரிம் அண்ணன் தம்பி இருவரும் ஹானாவில் பிறந்தவர்கள் (1785, 1786). ஷ்டைனாவில் சில வருடம் வளர்ந்தார்கள். கதைகளைச் சேர்த்தது காஸலில் இருந்தபோது. முதல் தொகுதி 1812 டிசம்பரில் வந்தது.

உங்களுக்குத் தோதானது காஸலுக்கு வடக்கே இருக்கும் ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காடும் அதைச் சுற்றிய ஊர்களும்.

ராபுன்ஸல் என்றால் ட்ரெண்டெல்புர்க். டீமெல் ஆற்றுக்கு மேலே குன்றின்மேல் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அதற்குள்ளேயே ஹோட்டல். 38 மீட்டர் உயரக் கோபுரம், சன்னலிலிருந்து பொன்னிறப் பின்னல் ஒன்று தொங்கும். உங்கள் மகள் கேட்பது அப்படியே இதுதான். ஆனால் கோட்டை என்றால் கருங்கல் தரை, சுழல் படி. அப்பாவின் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே காட்டுக்குள் ஸாபாபுர்க். அதைத் ‘தூங்கும் அழகி’ கோட்டை என்பார்கள். அங்கேயும் ஹோட்டல் இருந்தது, சீரமைப்புக்காக மூடி வருடங்கள் ஆகிவிட்டன. பழைய பயணக் கட்டுரைகளில் இன்னமும் ‘கட்டாயம் தங்குங்கள்’ என்று இருக்கும், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கோட்டைக்குக் கீழே இருக்கும் விலங்குப் பூங்கா 1571-இல் தொடங்கியது. காட்டெருமை, ஓநாய் எல்லாம் உண்டு. குழந்தை மட்டுமல்ல, தாத்தாவும் ரசிப்பார்.

மூன்றாவது வழி, கோட்டையை விட்டுவிட்டு வேஸர் ஆற்றங்கரையில் ஏதாவது ஊரில் ‘காஸ்ட்ஹோஃப்’ பிடிப்பது. கீழே உணவகம், மேலே எட்டுப் பத்து அறை, நடத்துவது ஒரு குடும்பம். என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தை அப்புறம் எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

#3 அரைடிக்கெட்

கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபப்படாதீர்கள்.

ராபுன்ஸல் அந்தக் கோபுரத்தில் இருந்ததே இல்லை. அந்தக் கதை 1698-இல் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி எழுதியது. 1790-இல் ஷூல்ஸ் என்பவர் ஜெர்மனில் எழுதினார், அங்கிருந்து கிரிம் எடுத்துக்கொண்டார்கள். தூங்கும் அழகியும் அப்படித்தான், 1697-இலேயே பிரான்சில் பெரோ என்ற எழுத்தாளர் அச்சிட்டுவிட்டார். கோட்டைக்கும் கதைக்கும் முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்கள். இந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்குப் பதில் காஸலில் சாதாரண ஹோட்டலில் தங்கி, பகலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். லிஃப்ட் இருக்கும், இரவு பத்து மணிக்குச் சாப்பாடும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: மகளுக்கு 1812 பதிப்பைப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அதில் ராபுன்ஸல் தன்னைக் கோபுரத்தில் அடைத்து வைத்த கிழவியிடம், என் உடை ஏன் இப்போதெல்லாம் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று அப்பாவியாகக் கேட்பாள். இளவரசன் வந்துபோன விஷயம் அப்படித்தான் வெளிப்படும். வீட்டில் குழந்தைகள் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் கிரிம் சகோதரர்களில் இளையவரான வில்ஹெல்ம் அதை மாற்றிவிட்டார்.

#4 செம்பருத்தி

மேட்டுத்தெரு, நான் தங்கியிருக்கிறேன். ஹோட்டல் பெயர் வேண்டாம், வேஸர் கரையோரம் ஒரு சின்ன ஊர். படம் பார்த்து மயங்கிப் பதிவு செய்தது.

அக்டோபர் மாதம், திங்கட்கிழமை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வழியெல்லாம் நெரிசல், போய்ச் சேர இரவு எட்டரை ஆகிவிட்டது. வாசலில் விளக்கு எரிகிறது, கதவு பூட்டியிருக்கிறது. கதவில் ‘ரூஹெடாக்’ என்று ஓர் அட்டை. ஓய்வு நாள். கிராமத்து உணவகங்கள் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடிவிடும், பெரும்பாலும் திங்கள் செவ்வாய். தங்கும் அறை திறந்திருக்கும், அடுப்பு எரியாது. சாவி சுவரில் ஒரு சின்னப் பெட்டிக்குள், அதற்கு நான்கு இலக்க எண். எண் என் மின்னஞ்சலில், என் செல்போனில் சிக்னல் இல்லை. அதைப் பிடிக்கத் தேவாலயம் வரை குளிரில் நடந்தேன்.

அறை மூன்றாவது மாடி, கூரைக்கு நேர் கீழே. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. சாய்ந்த கூரை, கருத்த உத்தரம், பூப்போட்ட திரை. அந்த உத்தரத்தில் என் கணவர் அன்றிரவு இரண்டு முறை, காலையில் ஒரு முறை இடித்துக்கொண்டார். சாப்பாடு? பெட்டியில் இருந்த முறுக்கும் இரண்டு வாழைப்பழமும். ஊரில் ஒரே ஒரு ரொட்டிக் கடை, அது மதியமே மூடிவிட்டது. பெட்ரோல் பங்க் ஒன்பது கிலோமீட்டர்.

மறுநாள் காலை கீழே இறங்கினால் மேசையில் எங்கள் பெயர் எழுதிய சின்ன அட்டை. மூன்று விதப் பன், நான்கு விதப் பாலாடைக்கட்டி, வீட்டில் செய்த ப்ளம் ஜாம். அவித்த முட்டைக்குக் கம்பளியில் பின்னிய ஒரு குல்லாய், சூடு ஆறாமல் இருக்க. அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. உரிமையாளரம்மா வந்து, நேற்று ஏன் பட்டினி கிடந்தீர்கள், மின்னஞ்சலில் எழுதியிருந்தேனே என்றார். எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தார். நான் சாவி எண்ணோடு நிறுத்திவிட்டேன்.

#5 மேட்டுத்தெரு

செம்பருத்தி, சிரித்து முடியவில்லை. ஆனால் பயமாகவும் இருக்கிறது. அம்மா எட்டு மணிக்குச் சாப்பிடாவிட்டால் மாத்திரைக் கணக்கு எல்லாம் தப்பிவிடும்.

அரைடிக்கெட், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஏழு வயதுக்குப் பிரெஞ்சு மூலம் எதற்கு? பின்னல் தொங்குகிறதா இல்லையா, அவளுக்கு அதுதான் கேள்வி.

#6 வன்னிமரம்

நான் டோர்ட்மண்டில் முப்பது வருடத்துக்கு மேல். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் இப்படி ஏதாவது ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவோம். காசு அதிகம் இல்லாத காலம், அதனால் கோட்டைப் பக்கம் போனதில்லை. காஸ்ட்ஹோஃப்தான்.

அந்த மரச்சட்ட வீடுகள் எப்படிக் கட்டினார்கள் என்று ஒருமுறை ஒரு தச்சரிடம் கேட்டேன். ஓக் மரத்தைக் கீழேயே அளந்து அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் அடையாளக் கோடு செதுக்கி, பிறகு மேலே தூக்கிப் பூட்டுவார்களாம். இரும்பாணி இல்லை, மர முளைதான். சட்டங்களுக்கு நடுவில் குச்சி நட்டு, வில்லோக் கிளையால் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கட அம்மம்மா வீடும் வரிச்சுக் கட்டி மண் அப்பின வீடுதான். இங்கே ஓக், அங்கே பூவரசும் பனையும்.

இன்னொன்றும் கவனியுங்கோ. பழைய வீடுகளில் மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி நிற்கும். கதைப்புத்தகப் படத்தில் வீடு குனிந்து பார்க்கிற மாதிரி வடிவாக இருக்குமே, அது இதனால்தான்.

நித்திரை விஷயம். இரட்டைக் கட்டில் என்றாலும் போர்வை இரண்டு தனித்தனி. தலையணை பெரிய சதுரம், தலை வைத்தால் அமுங்கிப்போகும். ஏசி கிடையாது, ஜூனில் வெக்கை என்றால் சன்னலைச் சாய்த்துத் திறந்து வைக்க வேண்டியதுதான். திறந்தால் தேவாலய மணி. பல ஊர்களில் கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். அறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கோ.

ஹார்ட்ஸ் மலைப் பக்கமும் யோசியுங்கோ. க்வேட்லின்புர்க் ஊரே மரச்சட்ட வீடுகள்தான், 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெர்னிகரோடவிலிருந்து ப்ரோக்கன் உச்சிக்கு நீராவி ரயில் போகும். பிள்ளைக்குக் கோபுரத்தைவிட அது பிடிக்கக் கூடும்.

#7 காஸல்காரன்

வேலை முடிந்து வந்துவிட்டேன். காஸ்ட்ஹோஃப் ஏன் என்று சொல்ல வேண்டும், அரைடிக்கெட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

கிரிம் சகோதரர்கள் கிராமம் கிராமமாக நடந்து கதை சேர்த்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. பெரும்பாலும் கதை சொல்பவர்கள் இவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பலர் படித்த, வசதியான குடும்பத்துப் பெண்கள், சிலர் பிரான்சிலிருந்து அகதியாக வந்த ஹ்யூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) வழியினர். தூங்கும் அழகியைச் சொன்ன மாரி ஹாஸன்ஃப்ளுகும் அப்படிப்பட்ட குடும்பம்தான். அதனால்தான் பிரெஞ்சு வாசனை. அதுவரை அரைடிக்கெட் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் டோரொத்தேயா ஃபீமன் என்று ஒருவர் இருந்தார். 1755-இல் காஸலுக்குத் தெற்கே ‘க்னால்ஹ்யூட்ட’ என்ற சாலையோர விடுதியில் பிறந்தவர். அப்பா அந்த விடுதியை நடத்தினார். வண்டிக்காரர், வணிகர், சிப்பாய் எல்லாரும் குதிரையை அவிழ்த்துவிட்டு அங்கே உட்கார்ந்து கதை பேசுவார்கள், இந்தப் பெண் பீர்க் குவளை எடுத்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு தையல்காரரைக் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, வறுமையில் காஸல் சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்து விற்றார். 1813-இல் கிரிம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நாற்பது கதை அளவில் சொன்னார். ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொல்லுவார் என்று வில்ஹெல்ம் வியந்து எழுதியிருக்கிறார். 1815-இல் இறந்துவிட்டார். 1819 பதிப்பில் அவருடைய படம் இருக்கிறது, வரைந்தது கிரிம்களின் தம்பி லூட்விக்.

ஆக இந்தக் கதைகளுக்கு வீடு என்று ஒன்று இருந்தால் அது கோபுரம் அல்ல, இந்த மாதிரிச் சாலையோரச் சத்திரம். அடுப்பு, நீள மேசை, மேலே படுக்க இடம். இன்றைக்கு நீங்கள் தங்கப்போகும் காஸ்ட்ஹோஃப் அந்தச் சத்திரத்தின் பேரப்பிள்ளை. கோட்டையில் படுத்தவர்கள் நிலக்கிழாரும் அவர் பரிவாரமும். அவர்கள் சொன்ன கதை எதையும் நான் கேட்டதில்லை.

காஸலுக்கு வந்தால் ‘கிரிம்வெல்ட்’ அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள், 2015-இல் திறந்தது. சகோதரர்கள் தங்கள் கையால் ஓரத்தில் குறிப்பு எழுதிய பிரதிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2005-இல் சேர்ந்தவை.

#8 அரைடிக்கெட்

ஏற்றுக்கொள்கிறேன். சத்திரம் என்று சொல்லியிருந்தால் நான் முதலிலேயே வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ரயில் கேட்டிருந்தீர்களே: பிராங்பர்ட்டிலிருந்து கீஸன், மார்புர்க் வழியாகக் காஸலுக்கு ரீஜனல் டிரெயின் இருக்கிறது, இரண்டு மணி நேரம் சொச்சம். டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் டிக்கெட்) அதில் செல்லும், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. அம்மா அப்பாவுக்கும் அந்த டிக்கெட் எடுக்கலாம், ஆனால் அது மாதச் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அவர்கள் திருச்சி போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் கணக்கிலிருந்து காசு போய்க்கொண்டிருக்கும். அனுபவம். காஸலிலிருந்து ரெகியோட்ராம் என்ற உள்ளூர் ரயில் ஹோஃப்கைஸ்மார் வழியாக ஹ்யூம்ம வரை போகும். அதற்கு மேல் பஸ். சனி ஞாயிறு கிராமத்துப் பஸ்ஸை நம்பி முழங்கால்வலிக்காரரைக் கூட்டிப்போகாதீர்கள். சில தடங்களில் முன்கூட்டியே போன் செய்தால் மட்டும்தான் வண்டி வரும்.

பேசாமல் காஸல் வரை ரயில், அங்கே வாடகைக் கார்.

#9 தயிர்சாதம்

சைவச் சாப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன், இருபது வருடம் அடிபட்டு வந்தவன்.

வெஜிட்டேரியன் என்று சொன்னால் மட்டும் போதாது. உருளைக்கிழங்கு வறுவல் வரும், நடுவில் பொடிப்பொடியாகப் பன்றிக்கொழுப்பு. அதற்கு ‘ஷ்பெக்’ என்று பெயர். கேட்டால், அது வாசனைக்குத்தானே என்பார்கள். காய்கறி சூப்புக்கு மாட்டெலும்புத் தண்ணீர். அதனால் ‘ஓன ஷ்பெக், ஓன ஃப்ளைஷ்ப்ரூய’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது: பாலாடைக்கட்டி போட்ட ஷ்பேட்ஸ்ல (நூடுல்ஸ் மாதிரி), காளான் குழம்போடு க்னோடல் (வேகவைத்த உருண்டை), உருளைக்கிழங்கு அடை.

#10 செம்பருத்தி

தயிர்சாதம் அண்ணா, அவர் அம்மா முட்டை சாப்பிட மாட்டார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. ஷ்பேட்ஸ்ல மாவே முட்டையில்தான் பிசைவார்கள். ரொட்டி க்னோடலிலும் முட்டை. உருளைக்கிழங்கு அடையிலும் பெரும்பாலும் உண்டு. ஹெஸ்ஸன் பக்கத்துப் பச்சைச் சாஸ், ஏழு மூலிகை போட்டது, நன்றாக இருக்கும், ஆனால் அதையும் அவித்த முட்டையோடு கொண்டுவந்து வைப்பார்கள், சில வீடுகளில் சாஸுக்குள்ளேயே நறுக்கிப் போட்டுவிடுவார்கள்.

#11 தயிர்சாதம்

அடடா. மன்னிக்கவும். நான் முட்டை சாப்பிடும் தயிர்சாதம்.

அப்படியானால் ‘பெல்கார்டோஃபெல்ன் மிட் க்வார்க்’. தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் வெங்காயத்தாள் கலந்த க்வார்க். க்வார்க் என்றால் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் மாதிரிதான். மெனுவில் இல்லாவிட்டாலும் எந்தக் கிராமத்துச் சமையலறையிலும் கேட்டால் செய்து தருவார்கள், ஏழை வீட்டுச் சாப்பாடு அது. ஜூன் நடு என்பதால் வெள்ளை அஸ்பாரகஸும் இருக்கும், ஜூன் 24-ஓடு பறிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஹாலண்டைஸ் சாஸில் முட்டை உண்டு, அதற்குப் பதில் உருக்கிய வெண்ணெய் கேளுங்கள். ஊறுகாய் கையோடு இருக்கட்டும்.

#12 நெறியாளர்

நல்ல இழை. ஹோட்டல் பெயர்களைக் கேட்டுத் தனிமடலில் தொல்லை செய்வதாக ஒரு புகார் வந்திருக்கிறது. வேண்டாமே.

#13 காஸல்காரன்

பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை. தரைத்தள அறை உண்டா. இல்லை என்றால் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா. இந்த வீடுகள் பல பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், லிஃப்ட் வைக்க நினைத்தாலும் எளிதில் அனுமதி கிடைக்காது, அதனால் உரிமையாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஓய்வு நாள் எது. சமையலறை எத்தனை மணிக்கு மூடும் (கடை மூடும் நேரத்தைக் கேட்காதீர்கள், அது வேறு. ‘சூடான சாப்பாடு எதுவரை’ என்று கேளுங்கள், எட்டு, எட்டரை என்று பதில் வரும்). பெயருக்குப் பின்னால் ‘கார்னி’ என்று இருந்தால் காலை உணவு மட்டும்தான். ஆறு மணிக்கு மேல் வருவதாக இருந்தால் சொல்லிவிடுங்கள், வரவேற்பு மேசையில் ஆள் இருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பாலும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

#14 மேட்டுத்தெரு

அனைவருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம். வேஸர் பக்கம் ஒரு காஸ்ட்ஹோஃப், வெள்ளி, சனி இரவு. தரைத்தளத்தில் ஒரு அறை, மேலே ஒன்று. செவ்வாய் ஓய்வு நாள் (கேட்டேன்!). சனிக்கிழமை ட்ரெண்டெல்புர்க் போய்ப் பின்னலைப் பார்த்துவிட்டு விலங்குப் பூங்கா. ஞாயிறு ஹான்னோவர்ஷ் மூண்டன்.

#15 வன்னிமரம்

நல்ல முடிவு. மூண்டனில் எழுநூறுக்கு மேல் மரச்சட்ட வீடுகள் இருக்கு. ஃபுல்டாவும் வெர்ராவும் அங்கேதான் சேர்ந்து வேஸர் ஆகும், சேரும் இடத்தில் 1899-இல் நட்ட ஒரு கல் நிற்கும்.

அம்மா அப்பா இன்னும் சில நாள் நிற்பார்கள் என்றால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கோ. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. பெரும்பாலும் ஜூனில் தேர் வரும். அந்த நாளில் ஹம்மில் தமிழ்தான் கேட்கும்.

#16 மேட்டுத்தெரு

போய் வந்தாயிற்று. சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சேர்ந்துவிட்டோம். வாசல் உத்தரத்தில் கணவன் மனைவி பெயரும் ஒரு பிரார்த்தனை வரியும் 1687 என்ற வருடமும் செதுக்கியிருந்தது. அப்பா அதையே பத்து நிமிடம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார், இந்த நிலைக்கட்டை ஒரே மரம் என்று மூன்று முறை சொன்னார். நிமிர்ந்து உள்ளே போனவர் அதே கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டார். உரிமையாளரம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஐஸ் பையைக் கொண்டுவந்தார். எப்போதும் தயாராக வைத்திருப்பார் போல.

எங்கள் அறை முதல் மாடி. நடுவில் ஒரு ஓக் தூண், அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை, மகள் கண்டுபிடித்தாள். கதவருகே கோலிக்குண்டை வைத்தால் அது முதலில் யோசிக்கும். பிறகு மெதுவாகக் கிளம்பி, தூணை ஒட்டி வளைந்து, கட்டிலுக்கு அடியில் போய், சன்னலுக்குக் கீழே சுவரில் ‘டொக்’ என்று முட்டும். ராபுன்ஸலை மறந்துவிட்டாள். இரண்டு நாளும் இதே விளையாட்டு. கீழ் அறையில் இருந்த அம்மா, மேலே என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது. கால் மணிக்கு ஒரு தரம், இரவு முழுக்க. வன்னிமரம் அண்ணா, நீங்கள் சொல்லியும் நான் அறை எந்தப் பக்கம் என்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா மட்டும், மலைக்கோட்டைப் பக்கம் படுத்த மாதிரி இருக்கிறது என்று நன்றாகத் தூங்கினார்.

சாப்பாடு: பெல்கார்டோஃபெல்ன் கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, விருந்தாளிகள் யாரும் இதைக் கேட்பதில்லையாம். அம்மா க்வார்க்கைத் தொட்டுப் பார்த்து, புளிக்கவே இல்லையே என்றார். பையிலிருந்து ஆவக்காய் வெளியே வந்தது. இரண்டாம் நாள் உரிமையாளரம்மாவும் ஒரு துளி எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், பிறகு இன்னொரு துளி எடுத்துக்கொண்டார்.

ட்ரெண்டெல்புர்க்: பின்னல் தொங்குகிறது. மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு நிஜ முடியா என்று கேட்டாள். அவள் பாட்டி முந்திக்கொண்டு, எண்ணெயே காணாத தலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பா கோபுரம் ஏறவில்லை, கீழே முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். அங்கே தங்கியிருந்தால் அவர் பாடு கஷ்டம்தான். விலங்குப் பூங்காவில் ஓநாய் தூங்கிக்கொண்டிருந்தது.

காஸல்காரன் சொல்லாத ஒன்று: ஸாபாபுர்க் பக்கத்தில் ‘உர்வால்ட்’ என்று ஒரு பழங்காடு. 1907-இலிருந்து பாதுகாப்பில் இருக்கிறதாம். ஒவ்வொரு ஓக்கும் தனித்தனியாக, நம்மூர் ஆலமரம் போலக் கை விரித்து நிற்கிறது, பாதி மரங்கள் உள்ளே பொந்து. படத்தில் பார்க்கும் சூனியக்காரிக் காடு அச்சு அசல் இதுதான். காரில் போகிறவர்கள் இறங்காமல் போய்விடாதீர்கள்.

#17 காஸல்காரன்

சொல்லாமல் விட்டது என் தப்பு. அந்த ஓக்குகள் தள்ளித் தள்ளி நிற்பதற்குக் காரணம் ஆடுமாடு. அது முன்பு மேய்ச்சல் காடு. மாட்டையும் பன்றியையும் உள்ளே விட்டு ஓக் கொட்டை தின்னவிடுவார்கள். அவை இளங்கன்றுகளை மேய்ந்துவிடும், தப்பிய மரங்கள் இடம் கிடைத்து அகலமாக வளரும். பயங்கரக் காடு என்று நாம் நினைப்பது யாரோ ஒருவருடைய பன்றித் தொழுவம்.

1687 என்றால் முப்பதாண்டுப் போர் முடிந்து ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்துக் கட்டிய வீடு. இந்தப் பக்கம் அந்தப் போரில் எரிந்த ஊர்கள் ஏராளம்.

#18 செம்பருத்தி

முட்டைக் குல்லாய் இருந்ததா?

#19 மேட்டுத்தெரு

இருந்தது! கோழி வடிவத்தில். அம்மா முட்டையை நகர்த்திவிட்டுக் குல்லாயை மட்டும் எடுத்துப் பின்னல் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்த்தார்.

ஒரு உதவி வேண்டும். அம்மாவின் எவர்சில்வர் சொம்பு அந்த அறைச் சன்னல் விளிம்பில் விட்டுப்போய்விட்டது. உரிமையாளரம்மா படம் எடுத்து அனுப்பி, இது பூச்சாடியா, உங்களுடையதா என்று கேட்டிருக்கிறார். அதில் இரண்டு டெய்சிப் பூ வேறு வைத்திருக்கிறார். அம்மா அடுத்த வாரம் கிளம்புகிறார், சொம்பு இல்லாமல் போக மாட்டேன் என்கிறார். காஸல் பக்கம் யாராவது வாங்கி வைக்க முடியுமா? நான் ரயிலில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

#20 காஸல்காரன்

நானே போகிறேன். செவ்வாய்தான் எனக்கு விடுமுறை, அன்றைக்கு அங்கே பூட்டியிருக்குமே. புதன் மாலை வேலை முடிந்து போகிறேன். எட்டு மணிக்குள் வருவேன் என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் அங்கேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.